உயிர் காத்த விஷ இலை

ஒரே இலை உயிரைக் காப்பாற்றும். அதே இலை உயிரைப் பறிக்கவும் செய்யும். எவ்வளவு கொடுத்தால் அது மருந்து? எவ்வளவு கொடுத்தால் விஷம்? இதைக் கண்டறியப் பத்து ஆண்டுகள் பாடுபட்டவர், இங்கிலாந்து நாட்டு டாக்டர் வில்லியம் விதரிங்.

வைத்தியர் மகன்

விதரிங் 1741-ம் ஆண்டு வெலிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையும் வைத்தியர்தான். எடின்பரோ நகரில் படித்து, 1766-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

படிக்கிற காலத்தில் செடிகொடிகளைப் பற்றிய பாடம் என்றாலே அவருக்குப் பிடிக்காது. பிறகு ஸ்டாபோர்டு என்ற ஊரில் வைத்தியம் பார்த்தார். அங்கே ஹெலனா என்ற பெண் சிகிச்சைக்கு வந்தாள். பூக்களைப் பார்த்து ஓவியம் தீட்டுவதில் அவளுக்கு ஆசை. அவளுக்காக விதரிங் காடு மேடெல்லாம் அலைந்து செடிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். 1772-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. செடிகளின் மீது வந்த பற்று, அதன்பின் அவரை விடவில்லை.

கிழவியின் ரகசியம்

உடலில் நீர் கோத்து, கால் வீங்கி, மூச்சு முட்டும் நோய் அந்நாளில் பலரை வாட்டியது. இருதயம் பலம் இழப்பதாலும் இந்த நோய் வருவது உண்டு. ஒரு கிழவி இதற்கு ரகசியமாக மருந்து கொடுத்து வந்தாள். டாக்டர்கள் கைவிட்ட சிலரும் அந்த மருந்தில் பிழைத்தார்கள்.

1775-ல் அந்த மருந்து பற்றி விதரிங்கிடம் கருத்துக் கேட்டார்கள். அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. செடிகளை நன்கு அறிந்த விதரிங், அவற்றில் வேலை செய்வது ஒன்றுதான் என்று கண்டுகொண்டார். அதுதான் பாக்ஸ்கிளவ். விரலுறை போல ஊதாப் பூக்கள் தொங்கும் செடி அது. நஞ்சுள்ள செடியும்கூட.

குன்றிமணி எடை

பர்மிங்ஹாம் நகரில் தம்மிடம் வந்த நோயாளிகளுக்கு விதரிங் அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். முதலில் அளவு மிஞ்சிவிட்டது. நோயாளிகள் வாந்தி எடுத்தார்கள், தலை சுற்றியது. சிலருக்குப் பார்க்கும் பொருளெல்லாம் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிந்தது. நாடித்துடிப்பு மிகவும் குறைந்தது.

விதரிங் மருந்தைக் கைவிடவில்லை, அளவைக் குறைத்தார். பூக்கும் பருவத்தில் இலையைப் பறித்து, உலர்த்தித் தூளாக்கினார். ஒரு வேளைக்கு 1 முதல் 3 கிரெயின் போதும் என்று கண்டார். 2 கிரெயின் என்பது ஏறக்குறைய ஒரு குன்றிமணி எடை! குமட்டலோ, வயிற்றுப்போக்கோ, நாடித்தளர்ச்சியோ தோன்றினால் மருந்தை உடனே நிறுத்தவேண்டும் என்று வகுத்தார்.

1785-ல் அவர் வெளியிட்ட நூலில் 163 நோயாளிகளின் விவரம் இருக்கிறது. பிழைத்தவர்களை மட்டும் எழுதி அவர் பெயர் வாங்கியிருக்கலாம். ஆனால் மருந்து பலிக்காதவர்களையும் மறைக்காமல் எழுதினார். மற்ற டாக்டர்கள் அதே தவறைச் செய்யாமல் இருக்க அது உதவியது.

1799-ல், 58-வது வயதில் விதரிங் காலமானார். அவருடைய நினைவுக் கல்லில் பாக்ஸ்கிளவ் செடியைச் செதுக்கி வைத்தார்கள்.

இன்றும் அதே எச்சரிக்கை

அந்தச் செடியின் இனத்திலிருந்து 1930-ல் பிரித்தெடுத்த மருந்து, டிஜாக்சின். சில இருதய நோய்களுக்கு டாக்டர்கள் இன்றும் அதைக் கொடுக்கிறார்கள். பலன் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் இன்றும் குறைவுதான். சிறுநீரகம் பழுதுபட்டால் மருந்து உடலில் தேங்கும். நீர் பிரியக் கொடுக்கும் சில மாத்திரைகள் உடலில் உள்ள பொட்டாசியம் என்ற உப்பைக் குறைக்கும். அப்போது வழக்கமான அளவே விஷமாகலாம். வேறு சில மருந்துகளும் இதனுடன் சேர்ந்தால் ஆபத்து.

ஆகவே, சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். நாட்டு மருந்தையும் மறைக்கக்கூடாது. ஒரு வேளை மறந்தால், மறுவேளை இரண்டாக விழுங்கக்கூடாது. ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை மற்றவர் சாப்பிடக்கூடாது. குமட்டலோ, பார்வையில் மாறுதலோ, படபடப்போ கண்டால் உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

அளவு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. அந்த அளவைக் காண விதரிங் பத்து ஆண்டுகள் உழைத்தார். மாத்திரையை விழுங்குமுன் சீட்டை ஒருமுறை படித்துப் பார்க்க நமக்கு ஒரு நிமிடம் போதும்.