ஆகாயத்திலிருந்து குதித்த ஆற்காட்டு டாக்டர்: யார் இந்த ரங்கராஜ்?

கே.எல். கோபுரத்திலிருந்து வான்குடையோடு குதிக்கிறவங்களைப் பார்த்திருக்கீங்களா? நேரில் பார்க்காவிட்டாலும் கைப்பேசியில் ஒரு காணொளியாவது கண்ணில் பட்டிருக்கும். கோபுரத்தின் மொத்த உயரம் 421 மீட்டர். குதிப்பவர்கள் நிற்கும் திறந்தவெளித் தளம் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

போர்க்காலத்தில் வான்குடை வீரர்கள் விமானத்திலிருந்து குதித்த உயரமும் பல சமயம் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஒரே வித்தியாசம், கீழே கைதட்ட ஆள் இருக்காது. துப்பாக்கிதான் காத்திருக்கும்.

அப்படிக் குதித்தவர்களில் ஒரு டாக்டர் இருந்தார். பெயர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 2009-ல் மறைந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் பத்துப் பேரை நிறுத்தி இவரைத் தெரியுமான்னு கேட்டால், தெரியும் என்று சொல்பவர் ஒருவர் கிடைப்பதே சிரமம். ஆனால் தென்கொரிய அரசு 2020 ஜூலை மாதத்தின் போர் வீரராக இவரைத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது. ஏன்? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

எங்கிருந்து வந்தார்?

பிறந்தது 1917-ல். பெயரிலேயே ஆற்காடு இருக்கிறது. படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். படிப்பு முடிந்ததும் 1941-ல் இந்திய மருத்துவச் சேவையின் ராணுவப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

அந்த ஆண்டு எப்படிப்பட்டது என்று நம்ம பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூர் வீழ்ந்தது. கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் இருந்த நம் கொள்ளுத்தாத்தாக்கள் என்ன நடக்கப் போகிறதோ என்று பயந்துகொண்டிருந்த காலம் அது.

அதே காலத்தில் டில்லியில் பிரிட்டிஷ் இந்திய ராணுவம் புதிதாக ஒரு படையை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதுதான் 50-ஆவது வான்குடைப் படையணி. அதிலிருந்த 152-ஆவது இந்திய வான்குடைப் பட்டாளத்துக்கு ஒரு மருத்துவ அதிகாரி தேவைப்பட்டார். அந்த வேலைக்கு வந்தவர் ரங்கராஜ்.

டாக்டர் எதற்குக் குதிக்கணும்னு கேட்கிறீங்களா? வான்குடைப் படை எதிரியின் முதுகுப்பக்கம் போய் இறங்கும். அங்கே சாலை இல்லை, ஆம்புலன்ஸ் வராது. அடிபட்டவனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் டாக்டரும் அதே விமானத்திலிருந்து, அதே நேரத்தில் குதித்தாக வேண்டும்.

ரங்கராஜ் குதித்தார். அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான் வான்குடையில் இறங்கிய முதல் இந்தியப் படைவீரர்கள். இங்கே ஒரு சின்ன விளக்கம். இந்தியர்களிலேயே முதல்வர் இவர்கள் அல்லர். 1890-லேயே கல்கத்தாவில் ராம்சந்திர சாட்டர்ஜி என்ற சர்க்கஸ் வித்தைக்காரர் பலூனில் ஏறி, வான்குடையில் இறங்கிக் காட்டினார். ஆனால் அது வேடிக்கைக் காட்சி. ரங்கராஜ் குதித்தது வேலைக்காக.

அந்தக் காலத்து வான்குடை எப்படித் திறந்தது?

இன்றைய சாகச வீரர்போல, தனக்குத் தோன்றிய நேரத்தில் கயிற்றை இழுக்கும் வசதி அவருக்கு இல்லை. பையிலிருந்து ஒரு பட்டை நாடா விமானத்துக்குள் இருக்கும் கம்பியில் மாட்டப்பட்டிருக்கும். ஆள் வெளியே விழுந்ததும் அவர் எடையே அந்த நாடாவை இறுக்கி, பையைத் திறந்து, குடையை வெளியே இழுத்துவிடும். விரிந்தபின் நாடா விமானத்தோடு போய்விடும். மயக்கம் வந்தாலும், கை நடுங்கினாலும் குடை திறக்கும். அதுதான் அதன் பலம்.

பலவீனமும் உண்டு. அன்றைய பிரிட்டிஷ் பாணிப் படைகளுக்கு மாற்று வான்குடை கிடையாது. முதுகில் இருப்பது ஒன்றுதான். திறக்கவில்லை என்றால் அவ்வளவுதான். அதனால் குடையை மடிப்பவரின் கைதான் குதிப்பவரின் உயிர். கயிறுகள் சிக்காமல், துணி முறுக்கிக்கொள்ளாமல், ஒவ்வொரு மடிப்பும் சரியாக இருக்க வேண்டும்.

உருண்டையான அந்தக் குடையை நினைத்த பக்கம் திருப்பவும் முடியாது. காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் இறங்க வேண்டும். மரமோ, ஆறோ, கூரையோ, முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆபத்து மேலேயா, தரையிலா?

குதிப்பதுதான் பயங்கரம் என்று நினைக்கிறோம். உண்மையில் அடி விழுவது பெரும்பாலும் தரையில்தான். உருண்டைக் குடை விநாடிக்கு 5 முதல் 6 மீட்டர் வேகத்தில் இறக்கும். ஓர் ஆள் உயரச் சுவர்மேல் ஏறிக் கீழே குதித்தால் என்ன வேகமோ, கிட்டத்தட்ட அதுதான். கூடவே காற்று பக்கவாட்டில் தள்ளும். முதுகில் சுமை வேறு.

இதற்காக உலகெங்கும் வான்குடை வீரர்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம், விழுவது எப்படி என்பதே.

இரண்டு கால்களையும் முழங்கால்களையும் ஒட்டி வைக்க வேண்டும். ஒரு கால் முதலில் பட்டால் முழு எடையும் அதில்தான் இறங்கும், எலும்பு உடையும். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். கண் தரையைப் பார்க்கக் கூடாது, தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். தரையைப் பார்த்தால் கால் தானாக நீளும். நீண்ட கால்தான் முறியும்.

பாதம் பட்டதும் நிற்க முயலக் கூடாது. பாதத்தின் முன்பகுதி, கெண்டைக்காலின் பக்கம், தொடையின் பக்கம், இடுப்பு, முதுகின் பக்கம் என்ற வரிசையில் உருண்டு விழ வேண்டும். ஒரே இடத்தில் விழ வேண்டிய அடியை ஐந்து இடங்களுக்குப் பங்குபோட்டுக் கொடுப்பது, அவ்வளவுதான் சூட்சுமம். விழுந்த கையோடு குடையில் காற்று நிரம்பவிடாமல் அமுக்க வேண்டும். இல்லையென்றால் அது ஆளைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடும். கையை ஊன்றித் தடுக்கவே கூடாது, மணிக்கட்டு போய்விடும்.

ஒரு டாக்டருக்கு இது இன்னும் முக்கியம். படைவீரன் ஒருவன் கணுக்காலை உடைத்துக்கொண்டால் ஒரு நோயாளி கூடுவார். டாக்டர் கையை உடைத்துக்கொண்டால், அந்த ஒரு நோயாளியோடு, மற்ற எல்லாருக்கும் டாக்டர் இல்லாமல் போவார்.

ரயிலை ஓட்டிய மருத்துவப் படை

1950-ல் கொரியப் போர் வெடித்தது. நம் ஊரில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்தப் போரால்தான் ரப்பர் விலை ஏறியது. இங்கே மலாயாவில் அவசரகாலம், அங்கே கொரியாவில் போர்.

சுதந்திர இந்தியா சண்டையிடப் படை அனுப்பவில்லை. மருத்துவப் பிரிவை அனுப்பியது. 60-ஆவது வான்குடைக் கள மருத்துவப் பிரிவு 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கியது. தலைமை ஏற்றவர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ்.

போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே சீனப் படை பெரும் தாக்குதலைத் தொடங்கியது. டிசம்பர் தொடக்கத்தில் ஐக்கிய நாட்டுப் படைகள் பியோங்யாங்கைவிட்டுப் பின்வாங்கின. ரங்கராஜின் பிரிவிடம் போதுமான வாகனங்கள் இல்லை. கருவிகளையும் மருந்துகளையும் விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் கிளம்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கருவி இல்லாத மருத்துவப் பிரிவு மருத்துவப் பிரிவே இல்லை.

நிலையத்தில் கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சின் கிடந்தது, சில பெட்டிகளும் இருந்தன. படையில் நீராவி எஞ்சின் பழக்கம் உள்ள ஆட்கள் இருந்தார்கள். கொதிகலனில் தண்ணீர் இல்லை. வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி ஊற்றினார்கள். விறகு போட்டு மூட்டினார்கள். சாமான்களை ஏற்றிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆற்றைக் கடந்தார்கள். ஒரு மருத்துவமனை தன்னைத்தானே ரயிலில் ஏற்றிக் காப்பாற்றிக்கொண்டது.

முன்சான்: அந்த 12 பேர்

1951 மார்ச் 23. சியோலுக்கு வடமேற்கே முன்சான் பகுதியில் அமெரிக்காவின் 187-ஆவது வான்படைக் குழு 3,000-க்கும் மேற்பட்ட வீரர்களோடு குதித்தது. அவர்களோடு ரங்கராஜ் தலைமையில் இந்திய மருத்துவக் குழுவின் 12 பேரும் குதித்தார்கள்.

அன்று ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. அந்த நாளில் வான்படையினரில் சண்டையில் பாதிக்கப்பட்டவர்கள் 19 பேர். குதித்து இறங்கியதில் அடிபட்டவர்கள் 84 பேர். அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் உடனே வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். எதிரியின் குண்டைவிடத் தரை அதிகம் பேரைத் தாக்கியது என்பதே இதன் பொருள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நாம் பார்த்த அந்த உருண்டு விழும் பாடம் எதற்கு என்று இப்போது புரிகிறதா?

அந்த 12 பேரும் இறங்கியதும் அறுவை சிகிச்சை தொடங்கியது. அடுத்தடுத்த நாட்களிலும் காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இந்தச் சேவைக்காக ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. போர்க்கள வீரத்துக்கு இந்தியா தரும் இரண்டாவது உயரிய விருது அது. அவரது பிரிவு 1954 வரை கொரியாவில் இருந்தது. படைவீரர்களுக்கு மட்டுமல்ல, ஊர்மக்களுக்கும் மருத்துவம் பார்த்தது.

மலேசியக் காட்டில் என்ன நடந்தது?

அதே காலக்கட்டத்தில் நம் நாட்டிலும் வான்குடைகள் இறங்கின. 1952 பிப்ரவரியில் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் பேராக்கின் பெலும் பள்ளத்தாக்கில் குதித்தார்கள். வெட்டவெளி குறைவு என்பதால், வேண்டுமென்றே மர உச்சிகளில் சிக்கி, பிறகு கயிற்றில் கீழே இறங்கும் முறையைப் பின்பற்றினார்கள். ஆரம்பத்தில் கைகொடுத்த அந்த முறையில் போகப்போகக் கிளை முறிந்தும் கயிறு நழுவியும் காயங்கள் கூடின. ஹெலிகாப்டர்கள் வந்ததும் கைவிடப்பட்டது. இறங்கும் இடத்தை அலட்சியம் செய்தால் காடு மன்னிக்காது.

இன்று என்ன மாறியிருக்கிறது?

நிறைய. விளையாட்டாகக் குதிப்பவர் முதுகில் இன்று இரண்டு குடைகள். கையால் சின்னத் துணைக்குடையைக் காற்றில் வீசினால் அது பெரிய குடையை இழுத்து வெளியே கொண்டுவரும். அது சிக்கினால் கழற்றிவிட்டு மாற்றுக் குடையைத் திறக்கலாம். ஆள் மயங்கினாலும், குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே வேகமாக விழுந்தால் மாற்றுக் குடையைத் தானே திறக்கும் கருவியும் இருக்கிறது. ஆனால் கட்டடத்திலிருந்து குதிப்பவர்களுக்கு உயரமும் நேரமும் குறைவு. அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே குடைதான், ரங்கராஜுக்கு இருந்ததுபோல.

குடையின் வடிவமும் மாறிவிட்டது. இன்றைய செவ்வகக் குடை இறக்கைபோலப் பறக்கும், திருப்பலாம். காற்றை எதிர்த்து இறங்கி, தரைக்குச் சுமார் 3 மீட்டர் மேலே இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து இழுத்தால் வேகம் தணிந்து, நடந்து வருவதுபோல இறங்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நன்றாகத் திறந்த குடையோடு வந்தவர்களே தரைக்கு அருகில் திடீரென்று திரும்பப் போய்ப் பலத்த காயம் அடைகிறார்கள். திருப்பினால் குடை வேகமெடுத்துக் கீழே பாயும். அதனால் தாழ்வாக வந்தபின் திரும்பாதே, நேராக இறங்கு, சந்தேகம் வந்தால் காலை ஒட்டி உருண்டு விழு என்றுதான் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கருவி மாறினாலும் தரை மாறவில்லை, இல்லையா?

கடைசியாக ஒரு போர்

ராணுவத்துக்குப் பிறகு ரங்கராஜ் உலகச் சுகாதார நிறுவனத்தில் சேர்ந்தார். ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தை வழிநடத்தியவர்களில் அவர் முக்கியமானவர். மலைக் கிராமங்கள், பாதை இல்லாத ஊர்கள், பழைய வழக்கப்படி நோயாளியின் அம்மைப் பொருளையே மற்றவர்களுக்குக் குத்திவிடும் நாட்டு வைத்தியர்கள் என்று சவால்கள் ஏராளம். 1972-க்குப் பிறகு அந்த நாட்டில் சொந்தமாகப் பெரியம்மை பரவவில்லை. 1980-ல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. உங்கள் கையில் பெரியம்மைத் தடுப்பூசித் தழும்பு இல்லாமல் இருப்பதில் அவருக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு.

யோசித்துப் பார்த்தால் வான்குடைக்கும் அம்மை ஊசிக்கும் நடுவே அவர் செய்தது ஒரே வேலைதான். நோயாளி வர முடியாத இடத்துக்கு டாக்டர் போவது.

அடுத்த முறை துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ நடக்கும்போது, வானத்தில் வண்ணக் குடை ஒன்று மிதப்பதைப் பார்த்தால், வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த டாக்டரின் பெயரைச் சொல்லுங்கள். குதிக்கிறவர் காலை ஒட்டி வைத்திருக்கிறாரா என்றும் ஒரு கண் பாருங்கள்.