எந்திரத்தோடு பேச ஒரு மொழி

நுழையும்முன்

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ, மலையடிவாரத்தைக் கடந்து கள்ளக்குறிச்சி நகரிலோ கணினி அறிவியல் பயிலும் மாணவர் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் கற்கிறார். மறு ஆண்டே பைத்தானுக்கு மாறுகிறார். கல்லூரியில் பயிலும் அக்கா ஜாவா என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் வேறொன்றைச் சொல்கிறார். முதல் தலைமுறையாக மென்பொருள் துறையை எட்டிப்பார்க்கும் குடும்பங்களில், தவறான மொழியைத் தேர்ந்துவிட்டால் செலவும் உழைப்பும் வீணாகுமோ என்னும் அச்சம் உண்டு. நிரலாக்க மொழி என்ற ஒன்றே இல்லாத காலத்தில் கணினியின் முன் வந்து நின்ற ஒருவரின் வாழ்க்கை இப்பாடம்.

கிரேஸ் ஹாப்பர் 1906ஆம் ஆண்டு திசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், கடிகாரம் எவ்வாறு மணியடிக்கிறது என்று அறிய வீட்டிலிருந்த ஒன்றைப் பிரித்தார். மீண்டும் பொருத்த இயலவில்லை. அடுத்ததைப் பார்த்துப் பொருத்திவிடலாம் என்று அதனையும் பிரித்தார். இவ்வாறு ஏழு கடிகாரங்கள் பிரிந்து கிடந்த பின்னரே தாய் கண்டறிந்தார். அவர் முற்றிலும் தடுத்துவிடவில்லை. இனி ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று வரையறுத்தார்.

பதினாறாம் வயதில் வாசர் கல்லூரியில் சேர விரும்பியவருக்கு இலத்தீன் மொழித்தேர்வில் போதிய மதிப்பெண் கிட்டவில்லை. ஓராண்டு காத்திருந்து அங்கேயே சேர்ந்தார். கணினிக்கான மொழிகளுக்கு வழிவகுத்தவரை முதலில் தடுத்து நிறுத்தியது ஒரு மொழித்தேர்வு! 1928இல் பட்டமும், 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அதற்கு முன்னரே, 1931 முதல், வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்தார். நிகழ்தகவு வகுப்பில் ஒரு வாய்பாட்டை விளக்கிவிட்டு, அதனைப் பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொல்வார். அக்கட்டுரையின் மொழிநடையையும் திருத்துவார். கணித வகுப்பில் கட்டுரை எதற்கு என்று மாணவியர் முணுமுணுத்தனர். கற்றதைப் பிறருக்குப் புரியுமாறு எழுத இயலாவிடில் கணிதம் கற்றும் பயனில்லை என்பது அவர் கருத்து. அவர் பின்னாளில் செய்தவற்றுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையில் சேர முனைந்தார். வயது மிகுதி என்றனர். எடையும் குறைந்தபட்ச அளவினும் 15 பவுண்டு குறைவாக இருந்தது. தனி விலக்குப் பெற்று 1943 திசம்பரில் கடற்படையின் துணைப்பிரிவில் இணைந்தார். 1944 சூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு ஐக்கன் என்பவரின்கீழ் பணியில் அமர்த்தப்பட்டார். அங்கே அவருக்காகக் காத்திருந்தது 51 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட மார்க் 1 என்னும் கணிப்பொறி. அதற்கு ஆணையிடத் துளையிட்ட காகித நாடாவே கருவி. எந்த இடத்தில் துளை, எந்த இடத்தில் வெற்றிடம் என்பதே அக்காலத்தின் நிரல். அதன் செயல்முறைகளை விளக்கி, ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட கையேட்டை உருவாக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது.

ஹாப்பரும் உடன்பணியாளரும் பிழையின்றி ஓடிய நிரல்துண்டுகளைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, தேவைப்பட்டபோது ஒருவரிடமிருந்து மற்றவர் படியெடுத்துக்கொண்டனர். படியெடுக்கும்போது பிழைகள் புகுந்தன. மனிதர் சலிப்போடு செய்யும் இந்தப் படியெடுத்தலைக் கணினியே ஏன் செய்யக் கூடாது என்னும் எண்ணம் அவருக்குப் பின்னர் எழுந்தது.

1949இல், 42ஆம் வயதில், பல்கலைக்கழகத்தை விட்டுப் பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி ஆகியோர் நடத்திய கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே ஆணைகள் எட்டடிமான எண்களில் எழுதப்பட்டன. அம்முறையில் தோய்ந்தபின் அவரது வங்கிக்கணக்கு மாதந்தோறும் ஒத்துவராமல் போயிற்று. வங்கியாளரான தம்பி ஆராய்ந்து பார்த்தபோது, அக்கா சில இடங்களில் எட்டடிமானத்தில் கழித்திருந்தது தெரியவந்தது! மனிதர் எந்திரத்தின் மொழிக்குத் தம்மை வளைத்துக்கொண்டால் நேர்வது இதுதான். எந்திரத்தை மனித மொழியின் பக்கம் வளைக்க அவர் முனைந்தார்.

1952இல் ஏ-0 என்னும் நிரல்பெயர்ப்பியை உருவாக்கினார். துணைநிரல்களைக் காந்த நாடாவில் எண்ணிட்டு வைத்து, எண்ணைச் சொன்னால் உரிய துண்டைக் கணினியே எடுத்துக் கோத்துக்கொள்ளுமாறு செய்தார். இன்றைய நிரல்பெயர்ப்பிகளோடு ஒப்பிட்டால் அது மிக எளிய முயற்சியே. அதையும் பலர் ஏற்கவில்லை. கணினி கணக்குப் போடும். நிரல் எழுதாது என்று கூறி, ஓடிக் காட்டிய நிரலைப் பயன்படுத்தவே மறுத்தனர்.

அடுத்து அவர் வணிகக் கணக்குகளின் பக்கம் திரும்பினார். கள்ளக்குறிச்சி வட்டாரத்து உழவர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுசெல்வதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். பாரத்தோடு வண்டியை எடைபோட்டு, வெற்று வண்டியின் எடையைக் கழித்து, டன்னுக்குரிய விலையால் பெருக்கி, முன்பணம் பெற்றிருந்தால் அதைக் கழித்து, எஞ்சியதை உழவர் பெயரில் வரவு வைக்கவேண்டும். இதில் உயர்கணிதம் ஏதுமில்லை. ஆனால், வரிசை பிறழ்ந்தால் பணம் பிறழும். ஊதியப் பட்டியல், சரக்கு இருப்பு, காப்பீட்டுத் தவணை என அலுவலகக் கணக்குகள் பெரும்பாலும் இத்தகையனவே. இவற்றை நன்கறிந்த எழுத்தருக்குக் கணிதக் குறியீடு அச்சமூட்டியது. குறியீட்டில் வல்லவருக்கோ அலுவலகக் கணக்கின் நெளிவுசுளிவு தெரியாது. எழுத்தர் படித்தறியக்கூடிய ஆங்கிலச் சொற்களாலேயே ஆணையிடலாம் என்று கருதி, ஃபுளோ-மேட்டிக் என்னும் மொழியை ஹாப்பரின் குழு உருவாக்கியது.

அதற்குப் பொருள் வேண்டி நிறுவன மேலாளர்களிடம் மாதிரி நிரலொன்றை இயக்கிக் காட்டினார். அத்தோடு நில்லாமல், ஆங்கிலச் சொற்களுக்கு மாற்றாகப் பிரெஞ்சுச் சொற்களையும், பின்னர் செருமானியச் சொற்களையும் அமைத்து அதே நிரலை ஓடச்செய்தார். மேலாளர்கள் திகைத்தனர். அமெரிக்காவில் செய்த கணினிக்குப் பிரெஞ்சும் செருமனும் எவ்வாறு புரியும் என்று அவர்கள் கருதினர். ஆங்கிலம் மட்டுமே பயன்படும் என்று உறுதியளித்து அவர்களை அமைதிப்படுத்த நான்கு மாதங்கள் ஆயின. கணினிக்கு எந்த மொழியும் தாய்மொழி அன்று. சொல் எதுவாயினும் அதன் உள்ளே துடிப்புகளாகவே மாறும். இதை அவர்கள் உணரவில்லை. தமிழ்ச் சொற்களால் ஆணையிட இயலும் எழில் என்னும் நிரலாக்க மொழி இன்று இருப்பதை அம்மேலாளர்கள் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பரோ!

இதற்கிடையில், ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் குழு உருவாக்கிய ஃபோர்ட்ரான் 1957இல் வெளிவந்தது. அது அறிவியல் கணக்குகளுக்கு உகந்தது. அலுவலகங்களுக்கோ ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிக்கும் ஒவ்வொரு மொழி. கணினியை மாற்றினால் நிரல்களை முதலிலிருந்து எழுதவேண்டும். இச்சிக்கலைத் தீர்க்க 1959 மே மாதத்தில் அரசுத் துறையினரும் கணினி உற்பத்தியாளர்களும் கூடினர். அம்முயற்சியில் பிறந்ததே கோபால் மொழி. பெயர் நம் ஊர் இளைஞருடையது போல் ஒலித்தாலும், பொதுவான வணிகப்பயன் மொழி என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. ஹாப்பரைக் கோபாலின் தாய் என்பர். உண்மையில் அதை வடித்தது ஒரு குழு. ஹாப்பர் அறிவுரையாளராக இருந்தார். ஆயினும், அம்மொழிக்கு முதன்மையான அடித்தளம் ஃபுளோ-மேட்டிக்கே. 1960 திசம்பரில் வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரு கணினிகளில் ஏறத்தாழ ஒரே கோபால் நிரல் ஓடியது. மொழி எந்திரத்திலிருந்து விடுதலை பெற்ற நாள் அது. அம்மொழி சொற்பெருக்கம் மிக்கது என்ற குறை அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அக்குறை பொய்யன்று.

1966 இறுதியில் கடற்படைப் பணியிலிருந்து ஓய்வளித்தனர். சில மாதங்களிலேயே, ஆறுமாதப் பணி என்று கூறி மீண்டும் அழைத்தனர். கடற்படைக் கணினிகளில் ஆளுக்கொரு வகையாகப் பெருகியிருந்த கோபாலை ஒழுங்குபடுத்துவது அப்பணி. ஆறு மாதம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நீண்டது. அவரது அலுவலகச் சுவரில் முட்கள் இடஞ்சுழியாக ஓடும் கடிகாரம் தொங்கியது. வழக்கம் என்பதற்காக ஒன்று அவ்வாறே இருக்கவேண்டியதில்லை என்பதை வருவோர்க்கு அது நினைவூட்டியது. சொற்பொழிவுகளில் ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள கம்பித் துண்டுகளை மாணவர்க்கு வழங்குவார்; ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்குறிப்பு செல்லக்கூடிய எல்லை அது. 1986இல், 79ஆம் வயதில், ரியர் அட்மிரல் நிலையில் ஓய்வுபெற்றார். 1992 சனவரி முதல் நாள் மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின்னும் கோபாலின் கதை முடியவில்லை. பழைய நிரல்கள் ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டும் குறித்திருந்ததால், 2000ஆம் ஆண்டு பிறந்தால் கணக்குகள் குழம்பும் என்ற அச்சம் 1990களின் இறுதியில் எழுந்தது. அவற்றைத் திருத்தும் பணி இந்திய நிறுவனங்களுக்கு வந்தது. வழக்கொழிந்தது எனக் கருதப்பட்ட மொழியை இளைஞர் பலர் பயிற்சி நிலையங்களில் புதிதாகக் கற்றனர். அப்பணி முடிந்ததும், 1995இல் வெளிவந்திருந்த ஜாவா போன்ற மொழிகளுக்கு மாறினர். கோபாலில் வரவும் செலவும் எழுதத் தெரிந்தவர்கள் அதே வரவையும் செலவையும் புதிய மொழியில் எழுதினர்.

2020 ஏப்ரலில் கொரோனாப் பெருந்தொற்றால் வேலையிழந்தோர் உதவித்தொகை வேண்டி ஒரே நேரத்தில் விண்ணப்பித்தபோது, அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தின் பழைய கணினி அமைப்புகள் திணறின. கோபால் அறிந்தவர்கள் உதவிக்கு வருமாறு அம்மாநில ஆளுநர் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். அப்போது அம்மொழிக்கு வயது அறுபது.