செடிக்கு நாடி பார்த்தவர்

ஆசுபத்திரியில் இ.சி.ஜி. எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதயத்தில் எழும் சிறு மின்சாரத்தை மெஷின் கோடாக வரைகிறது. கோட்டின் நெளிவைப் பார்த்து டாக்டர் நோயைச் சொல்கிறார். 1900-களின் தொடக்கத்தில் ஐந்தோவன் நெதர்லாந்தில் இதற்கு வழி கண்டார். அதே காலத்தில் கல்கத்தாவில் ஒருவர் செடிக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

பிறந்தது 1858 நவம்பர் 30. அப்பா அரசாங்க அதிகாரி. ஆனாலும் மகனை வங்காளிப் பள்ளியில்தான் சேர்த்தார். பக்கத்தில் ஒருபுறம் பியூன் மகன், மறுபுறம் மீனவர் மகன். தமிழ் மீடியத்திலிருந்து வந்து முதல் செமஸ்டரில் முழித்த என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய தெம்பு!

கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம். போஸ் மூன்று வருஷம் சம்பளத்தைத் தொடவே இல்லை. பாடத்தை மட்டும் ஒழுங்காக நடத்தினார். கடைசியில் பாக்கியோடு முழுச் சம்பளமும் வந்தது. 1895-ல் கம்பியில்லா அலையை அனுப்பிக் காட்டிய கதை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1901 மே 10 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், செடியைத் தூண்டினால் அதில் மின் துடிப்பு எழுவதையும், விஷம் கொடுத்தால் அது அடங்கிப்போவதையும் காட்டினார். அடுத்த மாதம் ராயல் சொசைட்டியில் உடலியல் அறிஞர்கள் எதிர்த்தார்கள். சாதாரணச் செடியில் மின் துடிப்பா, நடக்காது என்றார்கள். கட்டுரை வெளிவராமல் அலமாரிக்குள் போய்விட்டது.

நாமாக இருந்தால் மனசு விட்டுப் போயிருப்போம். அவர் கருவியைச் செம்மையாக்கப் போனார். செடி தன் கையெழுத்தைத் தானே போட்டால் யார் மறுக்க முடியும்?

இங்கேதான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாம் கவனிக்க வேண்டும். தொட்டாற்சிணுங்கி இலை இழுக்கிற இழுப்பு எவ்வளவு இருக்கும்? நம்ம புதுக்கோட்டைப் பக்கத்து வரப்புகளில் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த இழுப்பை வைத்துப் புகைக்கரி பூசிய கண்ணாடியில் கோடு போட்டால், உராய்வே அதைத் தின்றுவிடும். போஸ் எழுதுமுள்ளைக் கண்ணாடியில் இழுக்க விடவில்லை. ஒத்ததிர்வு முறையில் அதை அதிரவைத்து, விட்டுவிட்டுத் தொடச் செய்தார். கோட்டுக்குப் பதில் புள்ளிகள் விழுந்தன. உராய்வும் போச்சு, புள்ளிக்குப் புள்ளி சம இடைவெளி நேரம் என்பதால் கடிகாரமும் அதுவே ஆச்சு! இதுதான் ரெசனன்ட் ரெக்கார்டர். உள்ளூர்த் தொழிலாளர்களை வைத்தே செய்தார் என்பது எனக்கு இன்னும் பெருமை.

தொழுகண்ணிச் செடியின் சிற்றிலை யாரும் தொடாமலே மேலும் கீழும் ஆடும். அதற்கு ஈதர், குளோரோபார்ம் கொடுத்து, துடிப்பு எப்படித் தளர்கிறது என்று பதிவு செய்து, விலங்கின் இதயத் துடிப்போடு ஒப்பிட்டார். வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் பிறகு வந்தது. 1917-ல் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். கட்டுரையை முடக்கிய அதே ராயல் சொசைட்டி 1920-ல் அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23-ல் கிரிதியில் காலமானார்.

அவர் சொன்னது அத்தனையும் நிலைக்கவில்லை. உயிரணுக்கள் துடித்துத்தான் நீர் மரத்தில் ஏறுகிறது என்றார். அறிவியல் அதை ஏற்கவில்லை. ஆனால் செடிக்குள் மின் சைகை ஓடுகிறது என்பதை இன்று எந்தத் தாவரவியலாரும் மறுப்பதில்லை.