சின்ன மருதுவும் கடைக்குட்டி துரைசாமியும்

கட்டபொம்மன் திருக்களம்பூர்ப் பக்கம் பிடிபட்ட 1799-ஆம் ஆண்டுக் கதை நம்ம மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கும்பெனியிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, அடுத்த சீமையான சிவகங்கையில் ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் நேர்ந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

சின்ன மருது நரிக்குடிப் பக்கத்துக்காரர். 1772-ல் மன்னர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டார். அண்ணன் பெரிய மருதுவும் இவரும் ராணி வேலு நாச்சியாருக்குத் துணை நின்று, 1780-ல் சீமையை மீட்டார்கள். வளரி வீசுவதில் இவர் கெட்டிக்காரர். 1795-ல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் கும்பெனி அதிகாரிக்கு அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்ததும் இவர்தான்!

1801-ல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இவரிடம் அடைக்கலம் வந்தார். கும்பெனி கேட்டது, இவர் கொடுக்கலை. யோசிச்சுப் பாருங்க, இவரும் பிள்ளை குட்டிக்காரர்தானே? ஊமைத்துரையைக் கொடுத்திருந்தால் தம் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கலாம். அடைக்கலம் வந்தவரைக் கைவிட அவருக்கு மனசு வரலை.

அக்டோபர் 1-ஆம் தேதி காளையார்கோவில் விழுந்தது. காட்டில் துரத்தி, தொடையில் காயத்தோடு அவரைப் பிடித்தார்கள். 24-ஆம் தேதி திருப்பத்தூரில் அண்ணன் தம்பி இருவரோடு பிள்ளைகளும் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் பிள்ளைகளில் மிஞ்சியவன் பதினைந்து வயதுக் கடைக்குட்டி துரைசாமி.

1802-ல் அந்தப் பையனையும் மற்றவர்களையும் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். கைதிகளுக்குக் காவல் நின்றது அதே வெல்ஷ். தகப்பனிடம் வித்தை கற்றவரால் மகனின் விலங்கைக் கொஞ்சம் தளர்த்தத்தான் முடிந்தது. 1818-ல் பினாங்கில் மறுபடி பார்த்தபோது, முப்பது சொச்சம் வயது துரைசாமி கிழவராகி நின்றார். வெல்ஷ் இதையெல்லாம் தம் நூலில் எழுதி 1830-ல் வெளியிட்டார்.

ஹிட்லரின் வதைமுகாமுக்கு 1944-ல் தகப்பனோடு போனவர் எலீ வீசல். 1945-ல் வேறொரு முகாமில் தகப்பனைப் பறிகொடுத்து, பிழைத்து வந்து, தாமே அதை எழுதினார். துரைசாமியின் துயரமோ எதிரியின் பேனா வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது.

அந்தப் போரில் நம்ம ஊர் சமஸ்தானம் கும்பெனிப் பக்கம் இருந்தது. 1803-ல் கீழாநிலைக் கோட்டையும் அதற்குக் கிடைத்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. மாணவத் தம்பி தங்கைகளே, திருமயத்துக்குப் போனால் அப்படியே தென்மேற்கே திருப்பத்தூருக்கும் ஒரு எட்டு போய் வாருங்கள். நம் வரலாற்றின் மறுபாதி அங்கேதான் இருக்கிறது.