'சயின்டிஸ்ட்' என்ற வார்த்தையைக் கொடுத்தவர்: யார் இந்த வில்லியம் ஹியூவெல்?

உங்கள் கையில் இருக்கும் செல்போனுக்குள் ஒரு லித்தியம் அயன் பேட்டரி இருக்கும். அந்தப் பேட்டரிக்குள் ஒரு பக்கம் ஆனோடு, இன்னொரு பக்கம் கேத்தோடு. நடுவில் ஓடிக்கொண்டிருப்பவை அயனிகள். பள்ளிக்கூடத்தில் படித்த வார்த்தைகள்தான்.

ஆனால் 1834ஆம் ஆண்டுக்கு முன்னால் மின்சாரத்தைப் பற்றிப் பேசிய யாருக்கும் இந்த மூன்று வார்த்தைகளும் தெரியாது. 'சயின்டிஸ்ட்' என்ற வார்த்தையும் அப்படித்தான். நியூட்டனை அவர் காலத்தில் யாரும் சயின்டிஸ்ட் என்று கூப்பிட்டதில்லை. அப்படி ஒரு சொல்லே அன்று இல்லை.

இந்த வார்த்தைகளை எல்லாம் ஆங்கிலத்துக்குக் கொடுத்தவர் ஒரே ஆள். பெயர் வில்லியம் ஹியூவெல். அவர் கொடுத்த சில சொற்களை உலகம் உடனே எடுத்துக்கொண்டது. சிலவற்றுக்குப் பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. சிலவற்றை யாரும் சீண்டவே இல்லை. ஏன் இந்த வித்தியாசம்?

தச்சர் வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் வடக்கே உள்ள லங்காஸ்டர் நகரில் 1794ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி ஹியூவெல் பிறந்தார். அப்பா தச்சு வேலை எடுத்துச் செய்பவர். மூத்த மகன் என்பதால் இவரும் உளியும் ரம்பமும் பிடிக்க வேண்டியவர்தான்.

உள்ளூர் பள்ளி ஆசிரியர் ஒருவர் பையனின் புத்திசாலித்தனத்தைக் கவனித்தார். தன்னிடம் அனுப்பினால் இலவசமாகப் படிக்க வைப்பதாகத் தந்தையிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன்பிறகு உதவித்தொகை கிடைக்க, 1812இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். நியூட்டன் படித்த அதே கல்லூரி.

1816இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே இரண்டாம் இடம். அதற்கு முன்பே ஆங்கிலக் கவிதைக்குத் தங்கப் பதக்கம். கணக்கும் வரும், கவிதையும் வரும், கிரேக்கமும் லத்தீனும் அத்துப்படி. பின்னாளில் வார்த்தை உருவாக்கும் வேலைக்கு இந்தச் சேர்க்கைதான் கைகொடுத்தது.

வார்த்தை கேட்டு வந்த நண்பர்கள்

1830களில் அறிவியல் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. புதுசு புதுசாகக் கண்டுபிடிக்கிறார்கள், ஆனால் அதைச் சொல்ல வார்த்தை இல்லை. அந்த நேரத்தில் பலரும் கடிதம் போட்டது ஹியூவெல்லுக்குத்தான்.

புவியியல் அறிஞர் சார்ல்ஸ் லயல் பாறை அடுக்குகளை வயது வாரியாகப் பிரித்து வைத்திருந்தார். பெயர் வைக்க உதவி கேட்டார். கிரேக்கச் சொற்களிலிருந்து 'இயோசீன்', 'மயோசீன்', 'பிளயோசீன்' ஆகிய பெயர்கள் பிறந்தன. இயோசீன் என்றால் புதிய காலத்தின் விடியல் என்று பொருள். இன்றும் புவியியல் மாணவர்கள் இதே பெயர்களைத்தான் படிக்கிறார்கள்.

ஃபாரடேவுக்கு வந்த சிக்கல்

மைக்கேல் ஃபாரடே கொல்லர் மகன். சிறு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர். சோதனைகளில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் கிரேக்கம் தெரியாது.

திரவத்தில் மின்சாரம் செலுத்தி அதைப் பிரிக்கும் சோதனைகளைச் செய்துகொண்டிருந்தபோது அவருக்கு ஒரு பிரச்னை வந்தது. மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் அப்போது 'துருவம்' என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிட்டார்கள். அப்படிச் சொன்னாலே, காந்தம் மாதிரி அது பொருட்களை இழுக்கிறது என்று ஆகிவிடும். ஃபாரடே அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவரைப் பொறுத்தவரை அது வெறும் வாசல். தப்பான வார்த்தை தப்பான கருத்தையும் கூடவே இழுத்து வருகிறது என்பதுதான் அவர் கவலை.

கிழக்கு, மேற்கு என்ற பொருள் வரும்படி 'ஈஸ்டோடு', 'வெஸ்டோடு' போன்ற சொற்களைக்கூட யோசித்துப் பார்த்தார். திருப்தி இல்லை. 1834இல் ஹியூவெல்லுக்குக் கடிதம் எழுதினார்.

பதிலாக வந்தவைதான் 'ஆனோடு', 'கேத்தோடு'. கிரேக்கத்தில் மேலே செல்லும் வழி, கீழே இறங்கும் வழி. ஃபாரடே மனதில் வைத்திருந்த சூரியன் கணக்குக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. பூமியைச் சுற்றிக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு மின்னோட்டம் போவதாகக் கற்பனை செய்தால், நுழையும் பக்கம் சூரியன் எழும் திசை, வெளியேறும் பக்கம் சூரியன் இறங்கும் திசை. இரண்டு பக்கமும் நகர்ந்து போகும் துகள்களுக்குப் பொதுப் பெயராக 'அயன்' வந்தது. போவது என்று அர்த்தம்.

லண்டனில் ஃபாரடேயின் நண்பர்கள் சிலர் இந்தச் சொற்களைக் கடுமையாக எதிர்த்தார்கள். எல்லோரையும் திருப்திப்படுத்தப் போய்த் திண்டாடிய, கழுதை கொண்டுபோன அப்பன் மகன் கதை மாதிரி தன் நிலை ஆகிவிட்டதாக ஃபாரடே நினைத்தார். ஆனால் இது ஹியூவெல் சொன்ன வார்த்தை என்று சொன்னதும் எதிர்ப்பு அடங்கிப்போனது. சொற்கள் அந்த ஆண்டே ஃபாரடேயின் ஆய்வுக் கட்டுரையில் அச்சேறின. மின்சாரம் படிக்கும் எல்லோரும் ஃபாரடேயைப் படித்தாக வேண்டும். அதனால் வார்த்தைகளும் நிலைத்துவிட்டன. தமிழ்ப் பாடநூல்களில் வரும் 'அயனி'யும் அங்கிருந்து வந்ததுதான்.

'தத்துவவாதி' என்று சொல்லாதீர்கள்

இதற்கு ஒரு வருடம் முன்பு, 1833 ஜூனில், பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கூட்டம் கேம்பிரிட்ஜில் நடந்தது. கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜும் வந்திருந்தார். அதுவரை அறிவியல் ஆராய்ச்சி செய்பவர்களை 'நேச்சுரல் ஃபிலாசஃபர்' என்றுதான் சொல்வார்கள். அதாவது இயற்கைத் தத்துவவாதி.

கோல்ரிட்ஜுக்கு இது பிடிக்கவில்லை. பாறை தோண்டுபவரும் மின்சாரச் சோதனை செய்பவரும் எப்படித் தத்துவவாதி ஆவார்கள் என்பது அவர் வாதம். சரி, அப்படியென்றால் இவர்களை என்னவென்று கூப்பிடுவது?

பிரெஞ்சுச் சொல்லை எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தார்கள். அது கொஞ்சம் பெருமையடிப்பதாக இருந்தது. ஜெர்மன் சொல்லை மொழிபெயர்த்தால் வாயில் நுழையவில்லை. அப்போதுதான் ஹியூவெல் ஒரு யோசனை சொன்னார். 'ஆர்ட்' செய்பவர் ஆர்ட்டிஸ்ட் என்றால், 'சயின்ஸ்' செய்பவர் சயின்டிஸ்ட். கூட்டத்தில் யாருக்கும் அது ரசிக்கவில்லை. அத்தோடு பேச்சு முடிந்தது.

பெயர் போடாமல் எழுதிய கட்டுரை

ஹியூவெல் விடவில்லை. 1834இல் 'குவார்ட்டர்லி ரிவியூ' இதழில் ஒரு நூல் விமர்சனம் எழுதினார். அந்த இதழின் வழக்கப்படி எழுதியவர் பெயர் இருக்காது. கேம்பிரிட்ஜ் கூட்டத்தில் யாரோ ஒரு கெட்டிக்கார மனிதர் இந்த வார்த்தையைச் சொன்னதாக, அது தான்தான் என்று காட்டிக்கொள்ளாமல் எழுதினார். 'சயின்டிஸ்ட்' அச்சில் வந்தது அப்படித்தான்.

அந்த நூலை எழுதியவர் மேரி சோமர்வில் என்ற பெண்மணி. ஒரு பெண்ணை 'மேன் ஆஃப் சயின்ஸ்' என்று சொல்ல முடியாததால் அவருக்காகவே இந்த வார்த்தை உருவாக்கப்பட்டது என்று சமூக வலைதளங்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது சரியல்ல. வார்த்தை ஒரு வருடம் முன்பே பிறந்துவிட்டது.

ஹியூவெல்லின் கவலை வேறு. கணிதக்காரருக்கு வேதியியல் தெரியவில்லை, வேதியியல்காரருக்கு இயற்பியல் தெரியவில்லை. அறிவியல் துண்டு துண்டாக உடைந்துகொண்டே போகிறது. எல்லோரையும் சேர்த்து அழைக்க ஒரு பொதுப் பெயர்கூட இல்லையே என்பதுதான். பிரிந்து கிடக்கும் துறைகளை ஒன்றாக இணைத்துக் காட்டிய சோமர்வில்லின் நூல், அதைப் பேசப் பொருத்தமான இடமாக அமைந்தது.

1840இல் தன் பெயரோடு வந்த 'தி ஃபிலாசஃபி ஆஃப் தி இண்டக்டிவ் சயின்ஸஸ்' என்ற நூலில் மறுபடியும் இதே சொல்லை முன்வைத்தார். கூடவே இயற்பியலாளருக்கு 'பிசிசிஸ்ட்'. 'பிசிஷியன்' என்ற சொல்லை டாக்டர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதால் இந்தப் புதுச் சொல். இதைச் சொல்ல வாய் வரவில்லை என்று முறையிட்டவர் வேறு யாருமில்லை, ஃபாரடேதான். ஒரே வார்த்தையில் மூன்று 'இ' ஓசை அவருக்குத் தாங்கவில்லை.

ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

முதல் காரணம், இலக்கணம். 'சயின்டிஸ்ட்' பாதி லத்தீன், பாதி கிரேக்கம். படித்தவர்களுக்கு இந்தக் கலப்படம் உறுத்தியது.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். அன்றைய பிரிட்டனில் அறிவியல் பெரும்பாலும் வசதியானவர்களின் ஈடுபாடு. சம்பளத்துக்குச் செய்யும் வேலை அல்ல. 'மேன் ஆஃப் சயின்ஸ்' என்பதில் ஒரு கௌரவம் இருந்தது. 'இஸ்ட்' என்று முடிந்தால் அது பிழைப்புக்குச் செய்யும் தொழில் மாதிரி ஆகிவிடுகிறதே என்று நினைத்தார்கள்.

அமெரிக்காவில் இந்தத் தயக்கம் குறைவு. அங்கே வார்த்தை சகஜமாகப் புழங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்த பிரிட்டிஷார் பலர், இது அமெரிக்காக்காரன் கெடுத்த ஆங்கிலம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் பிறந்த சொல் என்பது மறந்தே போனது.

1894இல் ஒரு பத்திரிகை, பிரபலங்களிடம் இந்த வார்த்தை பற்றிக் கருத்துக் கேட்டது. டார்வினுக்காக ஊரெல்லாம் வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லி, ஆங்கிலத்தை மதிப்பவர்களுக்கு இது பிடிக்காது என்று ஒதுக்கினார். மின்சாரம் பாய்ச்சிக் கொல்லும் தண்டனைக்கு அப்போது புதிதாக வந்திருந்த 'எலக்ட்ரோக்யூஷன்' என்ற சொல்லோடு சேர்த்துக் கிண்டலடித்தார்.

வார்த்தைக்கு ஆதரவாகக் களமிறங்கியவர் ஃபிட்ஸெட்வர்ட் ஹால். அமெரிக்கர். ஒரு காலத்தில் நம் காசியில் சமஸ்கிருதம் கற்பித்தவர். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கு ஏராளமான உதவி செய்தவர். இது அமெரிக்கச் சரக்கு அல்ல, ஹியூவெல்லின் சொல் என்று எடுத்துக்காட்டியவர்.

அப்படியும் சண்டை ஓயவில்லை. 1924இல்கூட, உலகின் முன்னணி அறிவியல் இதழான 'நேச்சர்' இதழில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா என்று விவாதம் நடந்தது. அச்சேறி 90 ஆண்டுகள் ஆன பிறகு!

தோற்ற வார்த்தைகளும் உண்டு

ஹியூவெல் தொட்டதெல்லாம் பொன்னாகவில்லை. கடல் ஏற்ற இறக்கத்தை அவர் தீவிரமாக ஆராய்ந்தார். 1835இல் 9 நாடுகளின் கடற்கரைகளில், 600க்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே சமயத்தில் கடல் மட்டத்தை அளக்க ஏற்பாடு செய்தார். அந்த ஆய்வுக்கு ராயல் பதக்கம் கிடைத்தது. ஆனால் அந்தத் துறைக்கு அவர் வைத்த 'டைடாலஜி' என்ற பெயர் எடுபடவில்லை.

நிகழ்காலத் தடயங்களை வைத்துப் பழங்காலத்தை ஆராயும் துறைகளுக்கு அவர் வைத்த 'பேலடியாலஜி'யும் காணாமல் போனது. வெவ்வேறு துறைகளின் சான்றுகள் ஒரே முடிவில் வந்து சேர்வதைக் குறித்த 'கன்சிலியன்ஸ்' நூறு ஆண்டுக்கு மேல் தூங்கியது. 1998இல் உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் தன் நூலுக்கு அதையே தலைப்பாக வைத்து எழுப்பிவிட்டார்.

கடைசிக் காலம்

1841இல் ஹியூவெல் டிரினிட்டி கல்லூரியின் தலைவர் ஆனார். உதவித்தொகையில் படிக்க வந்த தச்சர் மகன், அதே கல்லூரியின் உச்சப் பதவியில் 25 ஆண்டுகள் இருந்தார். 1855இல் முதல் மனைவியையும், 1865இல் இரண்டாவது மனைவியையும் இழந்தார். பிள்ளைகள் இல்லை. 1866 பிப்ரவரியில் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டார். மார்ச் 6ஆம் தேதி, 71 வயதில் காலமானார். போர்கள் குறைய வேண்டும் என்ற நோக்கத்தோடு, சர்வதேசச் சட்டம் கற்பிக்கப் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தச் சொத்தை எழுதி வைத்தார். கேம்பிரிட்ஜில் அந்தப் பதவி இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

'சயின்டிஸ்ட்' ஜெயித்ததை அவர் பார்க்கவில்லை.

சரி, ஒரு வார்த்தை எப்படி ஜெயிக்கிறது?

ஆனோடும் கேத்தோடும் பொருளுக்கு வைத்த பெயர். தேவை இருந்தது, ஃபாரடேயின் ஆய்வு பின்னால் நின்றது, உடனே நிலைத்தது. ஆனோடுக்கு அந்தப் பெயர் பிடிக்கிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

'சயின்டிஸ்ட்' மனிதர்களுக்கு வைத்த பெயர். நான் யார், என் மதிப்பு என்ன என்ற கேள்வி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அதே ஆள், ஏறக்குறைய அதே நேரத்தில், அதே அக்கறையோடு கொடுத்தும் தலைமுறைகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சம்பளம் வாங்கி ஆராய்ச்சி செய்வது கௌரவக் குறைவு அல்ல, ஒரு நல்ல தொழில் என்று சமூகம் மாறிய பிறகுதான் வழி பிறந்தது. இன்று குழந்தைகளிடம் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால், ஒரு காலத்தில் அறிஞர்கள் சொல்லக் கூசிய அந்த வார்த்தையைத்தான் பலரும் பெருமையாகச் சொல்கிறார்கள்.