ஏடா லவ்லேஸ் அம்மையார்

கணிப்பொறிப் பாடத்தில் மாறி என்ற சொல்லைத் தோழியர் பலரும் படித்திருப்பீர்கள். ஒரு மாறிக்குப் பெயரும் மதிப்பும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. அம்மதிப்பை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், எடுத்துப் பயன்படுத்திய பின் அது நிலைக்குமா, அழியுமா என்பதையும் வகுத்தாக வேண்டும். மின்சாரக் கணிப்பொறி தோன்றுவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முன்பே இதைக் குறித்துச் சிந்தித்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே கூற விழைகிறோம்.

ஏடா 1815-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற கவிஞர் பைரன் பிரபு. குழந்தை பிறந்து சில வாரங்களிலேயே பெற்றோர் பிரிந்தனர். அதன்பின் மகள் தந்தையைக் காணவே இல்லை; அவர் 1824-இல் கிரேக்க நாட்டில் மறைந்தார். கவிஞரின் கட்டற்ற குணம் மகளுக்கும் வந்துவிடுமோ என்று அஞ்சிய தாயார், சிறு வயது முதலே கணிதத்தை மருந்துபோல் புகட்டினார். மகளுக்கோ அந்த மருந்து இனித்தது! 1829-இல் தட்டம்மை கண்டு கால்கள் வலுவிழந்து, நெடுநாள் ஊன்றுகோலுடன் நடக்க நேர்ந்தபோதும் படிப்பு நிற்கவில்லை.

1833-இல் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித மேதையின் நட்புக் கிட்டியது. 1835-இல் திருமணம், பின்பு மூன்று குழந்தைகள். கணவர் 1838-இல் லவ்லேஸ் பிரபு ஆனார்.

பாபேஜ் வரைந்த பகுப்புப் பொறியைப் பற்றி இத்தாலியரான மெனப்ரியா 1842-இல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதை ஏடா ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளமான குறிப்புகளையும் சேர்த்து 1843-இல் வெளியிட்டார்.

அந்தப் பொறியில் எண்களைச் சேமிக்கப் பற்சக்கரத் தூண்கள் உண்டு. ஒவ்வொரு தூணும் ஒரு மாறி. தூணிலிருந்து எண்ணை எடுத்தால் சக்கரங்கள் திரும்பிச் சுழியில் நின்றுவிடும். அதே எண் மறுபடி தேவைப்பட்டால் என்ன செய்வது? இதற்காக இருவகைத் துளையட்டைகளை ஏடா விளக்குகிறார். ஒன்று எண்ணைக் கொடுத்துவிட்டுத் தூணைச் சுழியாக்கும். மற்றொன்று எண்ணைக் கொடுத்த பின்னும் அதைத் தூணிலேயே நிறுத்தி வைக்கும். ஒரு நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்கும் நூலகத்திலேயே அமர்ந்து படிப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று நாங்கள் புரிந்துகொண்டோம். மாறியின் பெயருக்கு மேலே ஒரு சிற்றெண்ணும் இட்டார். புதிய மதிப்பு ஏற ஏற அதுவும் உயரும். பெர்னூலி எண்களைக் கணிக்க அவர் தந்த அட்டவணையில் 25 செயல்கள் உள்ளன. எந்த மாறி மாறியது, எது மாறாமல் நின்றது என்று காட்டவே தனியாக ஒரு பத்தி. நான்காம் செயலில் பின்னம் தலைகீழாக அச்சாகியிருப்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குறிப்புகளில் பாபேஜின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் வாதிடுவதுண்டு. ஆனால் ஏடா எதற்கும் தலையாட்டுபவர் அல்லர். அரசாங்கத்தின் மீது தமக்கிருந்த மனக்குறையைத் தம் பெயர் இல்லாமல் அந்நூலோடு சேர்த்து வெளியிட பாபேஜ் விரும்பியபோது, உறுதியாக மறுத்துவிட்டார். அவர் தம் குறிப்புகளில் இட்டதோ ஏ.ஏ.எல். என்ற மூன்றெழுத்து மட்டுமே.

பொறி கட்டப்படவே இல்லை. பிற்காலத்தில் ஏடா குதிரைப் பந்தயத்தில் பெரும்பொருள் இழந்தார். குடும்ப நகைகளும் அடகுக்குப் போயின. புற்றுநோயால் மிகத் துன்புற்று, 1852 நவம்பர் 27 அன்று, தந்தை இறந்த அதே 36 வயதில் காலமானார். அவர் விரும்பியபடி ஹக்னல் ஊர்த் தேவாலயத்தில், தாம் அறியாத அந்தத் தந்தையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1979-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் புதிய கணிப்பொறி மொழிக்கு ஏடா என்று பெயரிட்டது. பிரான்சில் ழான் இக்பியா தலைமையில் உருவான மொழி அது. மதிப்பெண் 0 முதல் 100 வரை என்று அதில் வகுத்துவிட்டால், 101 என்ற மதிப்பு ஏற முயலும்போதே பிழை என்று தடுத்துவிடும். ஒரு பொருளின் உட்கூறுகளை மறைத்து, அனுமதித்த வழியாக மட்டுமே பிறர் அதைத் தொடும்படியும் செய்யலாம். அம்மொழியின் நெறிமுறை நூல் 1980-இல், ஏடாவின் பிறந்தநாளான டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்டது. அதற்கு இட்ட எண் 1815.