சந்திரபாபு: மாடி வரை கார் ஏறும் வீடு கைவிட்டுப் போனது எப்படி?

முதல் மாடி வரைக்கும் கார் ஏறிப் போகும் வீடு. அடையாறு பக்கம், கிரீன்வேஸ் சாலை அருகே நடிகர் ஜே.பி. சந்திரபாபு ஆசை ஆசையாகக் கட்டியது. ஆனால், அதில் அவரால் நிலைக்க முடியவில்லை. என்னதான் நடந்தது?

தூத்துக்குடியில் 1927-ல் பிறந்தவர். அப்பா சுதந்திரப் போராட்டக்காரர் என்பதால் சிறுவயது இலங்கையில் கழிந்தது. 1947-ல் 'தன அமராவதி' மூலம் சினிமாவுக்குள் வந்தார். 1950-களில் நடிப்பு, நடனம், யோடலிங் பாட்டு என கலக்கினார்.

சிக்கல் தொடங்கியது 'மாடி வீட்டு ஏழை'யில்தான். எம்ஜிஆரை வைத்து தானே தயாரித்து இயக்க இறங்கினார். கொஞ்ச நாள் ஷூட்டிங்கோடு படம் நின்றது. கடன் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் வீடும் போனது. ஏற்கெனவே இருந்த குடிப்பழக்கம் இன்னும் அதிகமானது.

சினிமா நம்பிக்கையில் ஓடும் தொழில். ஷூட்டிங்குக்கு வருவாரா என்ற சந்தேகம் வந்துவிட்டால், எவ்வளவு பெரிய திறமைசாலிக்கும் அட்வான்ஸ் கொடுக்கத் தயங்குவார்கள். இது சினிமாவில் மட்டுமல்ல. அமெரிக்காவில் அரசு ரகசியங்களைக் கையாளும் வேலைக்கு அனுமதி தரும் முன், குடிப்பழக்கத்தையும் கட்டாத கடனையும் தனித்தனியாகவே அலசுகிறார்கள். கடன்காரரை யாரும் விலைக்கு வாங்கலாம், போதையில் ரகசியம் வாய்தவறி வரலாம் என்பதுதான் பயம். கடனைத் தவணை போட்டு அடைக்கிறார், குடியை விட்டுவிட்டார் என்றால் அங்கே அதையும் கணக்கில் எடுப்பார்கள். கோடம்பாக்கத்தில் அப்படி விதியெல்லாம் கிடையாது.

ஆனாலும் கதவு முழுசாக மூடவில்லை. படம் நின்றுபோன கசப்பைத் தாண்டி, எம்ஜிஆரின் 'பறக்கும் பாவை' (1966), 'அடிமைப் பெண்' (1969) படங்களில் சந்திரபாபு நடித்தார்.

1974 மார்ச் 8-ல் இறந்தபோது வயது 46. சாந்தோம் பக்கம் உள்ள குவிபிள் ஐலண்ட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.